பஞ்சம் ஏன் வந்தது? – ஒரு கேள்வியும் பல விடைகளும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்ட பின்னர், இந்த மன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது. நம் மஹல்லாவின் ஆண் பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடுகிறார்களே, இதற்குக் காரணம் என்ன? நான்கு பேர் எழுந்தார்கள். நான்கு விடைகள் சொன்னார்கள். கைப்பேசிதான் காரணம் என்றார் ஒருவர். வெளிநாட்டு விசா மோகம்தான் காரணம் என்றார் மற்றொருவர். பள்ளிக்கூடத்தில் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது மூன்றாமவர் கருத்து. தாய் தந்தையரின் கவனக்குறைவே அனைத்திற்கும் மூலம் என்று முடித்தார் நான்காமவர். நால்வருமே உறுதியோடு பேசினார்கள். மற்றவர் சொன்னதிலும் உண்மை இருக்கலாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இதைக் குறையாகச் சொல்ல நமக்கு அருகதை இல்லை. ஏனெனில் அந்த நான்காவது விடையைச் சென்ற ஆண்டு ஜும்ஆ பயானில் இதே பள்ளியின் மிம்பரில் நின்று சொன்னவர்கள் நாமே. "பெற்றோரின் அலட்சியமே காரணம்" என்று குரலை உயர்த்திச் சொன்னோம். அடுத்த வாரம், நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தாய் தம் சகோதரர் மூலம் செய்தி சொல்லி அனுப்பினார். அவருடைய கணவர் வெளிநாட்டிலிருந்து நோயோடு திரும்பி வந்தவர். மருத்துவத்திற்கு வாங்கிய கடனுக்கு அன்றாடம் தவணை கட்ட வேண்டியிருந்தது. மகன் கணக்குப் பாடத்தில் இரண்டு முறை தவறினான். தனியாக டியூஷன் வைக்க வழியில்லை. மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பேருந்து காலையில் ஒன்றுதான். அந்த நேரத்தில்தான் தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இந்த நிலையில் உறவினர் ஒருவர் தம் கடையில் வேலையும் தினக்கூலியும் தருவதாகச் சொன்னார், பையன் போய்விட்டான். இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்தத் தாய் கேட்டது இதுதான்: "ஹஜ்ரத், இதில் என் அலட்சியம் எது என்று சொன்னால் திருத்திக்கொள்கிறேன்."

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. நோய், கடன், கணக்குப் பாடம், பேருந்து, கூலி ஆகிய ஐந்தில் ஒன்று மட்டும் வந்திருந்தால் அந்தப் பையன் படித்துக்கொண்டுதான் இருந்திருப்பான். ஐந்தும் ஒரே வீட்டில் வந்து சேர்ந்தன. நாமோ ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

ஒரு சமூகத்தில் ஒரு பெருந்துன்பம் நிகழும்போது அதன் காரணங்களை எப்படித் தேடுவது என்பதையே இன்று பேச எண்ணுகிறோம். நம் வீட்டு விவகாரத்தை நாமே பார்க்கும்போது பாசமும் கோபமும் கண்ணை மறைக்கும். ஆகவே முதலில் சற்றுத் தொலைவிலுள்ள, நன்கு ஆராயப்பட்ட ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். 1943-ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சமே அது. அதைப் பார்த்த பின்னர் நம் மஹல்லாவிற்குத் திரும்பி வருவோம்.

வங்காளத்தில் நிகழ்ந்தது

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1942 மார்ச் மாதத்தில் ஜப்பானியப் படை ரங்கூனைக் கைப்பற்றியது. அங்கிருந்து காடும் மலையும் கடந்து நடந்தே ஊர் திரும்பிய பெரியவர்களின் கதை தமிழகத்தில் பல குடும்பங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. அந்த மனிதர்கள் வந்த வழியே பர்மா அரிசி வரவில்லை. வங்காளத்தின் மொத்தத் தேவையில் பர்மா அரிசி சிறு பங்குதான். ஆனால் அதைப் பெரிதும் நம்பியிருந்த இலங்கை, திருவிதாங்கூர், கொச்சி போன்ற பகுதிகள் எல்லாம் இந்தியச் சந்தையில் அரிசி தேட வேண்டியதாயிற்று. இது முதலாவது.

ஜப்பானியர் கடல் வழியாக வங்காளத்தில் இறங்கினால் அவர்கள் கையில் எதுவும் சிக்கக்கூடாது என்று ஆங்கில அரசு எண்ணியது. கடலோர மாவட்டங்களில் உபரி நெல் வாங்கி அகற்றப்பட்டது. பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகள் பறிமுதல் செய்யப்பட்டன அல்லது அழிக்கப்பட்டன. ஆறுகளும் கால்வாய்களுமே பாதைகளாக உள்ள நாடு அது. படகு போனதும் மீனவர்க்குத் தொழில் போயிற்று. ஆற்றின் அக்கரையில் நிலம் வைத்திருந்த உழவருக்கு வயலுக்குப் போக வழியில்லை. இது இரண்டாவது.

1942 அக்டோபர் 16-ஆம் நாள் பெரும் புயல் ஒன்று மிட்னாப்பூர், 24 பர்கானா மாவட்டங்களைத் தாக்கியது. கடல் பொங்கி ஊர்களுக்குள் நுழைந்தது. சுமார் 14,500 மனிதர்களும் ஒரு லட்சத்து 90 ஆயிரம் கால்நடைகளும் மாண்டதாக அரசு விசாரணைக் குழு பதிவு செய்தது. புயலைத் தொடர்ந்து நெற்பயிரில் பழுப்புப் புள்ளி நோய் பரவியது. குளிர்கால அறுவடை குறைந்தது. இது மூன்றாவது.

போர்ச் செலவுக்காகப் பணப் புழக்கம் மிகுந்தது. விலை ஏறியது. மாகாண அரசுகள் ஒவ்வொன்றும் தம் எல்லையிலிருந்து தானியம் வெளியேறக்கூடாது என்று தடை விதித்தன. உபரி இருந்த இடத்திலிருந்து பற்றாக்குறை இருந்த இடத்திற்கு அரிசி நகரவில்லை. விலை இன்னும் ஏறும் என்று எண்ணிய வணிகரும் வசதி படைத்த விவசாயிகளும் விற்காமல் வைத்துக்கொண்டனர். இனிக் கிடைக்காது என்று அஞ்சிய நுகர்வோர் தேவைக்கு மேல் வாங்கினர். கல்கத்தாவில் 1942 டிசம்பரில் ஒரு மணங்கு (வங்காளக் கணக்கில் சுமார் 37 கிலோ) அரிசி 13 அல்லது 14 ரூபாயாக இருந்தது. 1943 ஆகஸ்டில் அதே அரிசி 37 ரூபாய் ஆயிற்று. கிராமக் கூலித் தொழிலாளியின் கூலி அந்த வேகத்தில் உயரவில்லை. இது நான்காவது.

கல்கத்தா நகரம் போர்த் தொழிலுக்கு இன்றியமையாதது என்பதால், அங்குள்ள ஆலைத் தொழிலாளருக்கும் அரசு ஊழியருக்கும் சலுகை விலையில் அரிசி கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த அரிசி கிராமப்புறச் சந்தையிலிருந்துதான் வாங்கப்பட்டது. பஞ்சக் காலத்தில் செய்ய வேண்டிய பணிகளை வரையறுக்கும் பஞ்ச விதித்தொகுப்பு ஆங்கில ஆட்சியிலேயே முன்னர் உருவாக்கப்பட்டிருந்தும், வங்காளத்தில் பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கப்படவில்லை. கப்பலில் தானியம் அனுப்புமாறு டில்லியிலிருந்து சென்ற வேண்டுகோள்களை லண்டனிலிருந்த போர்க்கால அமைச்சரவை மறுத்தது, அல்லது கேட்டதில் ஒரு பகுதியை மட்டுமே தந்தது. இது ஐந்தாவது.

இவை யாவும் சேர்ந்த விளைவை அரசாங்கம் நியமித்த ஜான் உட்ஹெட் தலைமையிலான விசாரணைக் குழு 1945-இல் தன் அறிக்கையில் தந்தது. இறந்தோர் சுமார் 15 லட்சம் என்றது. அந்தக் குழுவில் நம் நீலகிரியின் குன்னூரிலிருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநர் அய்க்ராய்டு என்பவரும் இருந்தார். அந்த மதிப்பீடு குறைவானதே என்று பல ஆண்டுகள் கழித்து அவரே எழுதினார். பிற்கால ஆய்வாளர்கள் 20 முதல் 30 லட்சம் வரை கணக்கிடுகின்றனர்.

ஒற்றை விடை செய்த தீங்கு

பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே காரணம் கேட்கப்பட்டது. ஒவ்வொருவரும் ஒரே ஒரு விடை வைத்திருந்தனர்.

பதுக்கலே காரணம் என்றது மாகாண அரசு. 1943 ஜூன் மாதத்தில் ஊர் ஊராகச் சென்று பதுக்கிய நெல்லைத் தேடும் இயக்கம் நடத்தியது. எதிர்பார்த்த அளவு பெருங்குவியல்கள் கிராமங்களில் கிடைக்கவில்லை. பதுக்கல் பொய் என்று இதற்குப் பொருளல்ல. அது ஒரு காரணம், ஆனால் அது மட்டுமே காரணமல்ல. அதற்கு முன், விலைக் கட்டுப்பாடே சரக்கு வராமைக்குக் காரணம் என்று கருதி 1943 மார்ச்சில் கட்டுப்பாட்டைக் கைவிட்டார்கள்; விலை இன்னும் வேகமாக ஏறியது. அரசியலிலோ, ஒரு சமயத்தாரின் கட்சி மற்றொரு சமயத்தாரின் அமைச்சரவையையும் வணிகரையும் பழித்தது. பழிக்கப்பட்டோர் திருப்பிப் பழித்தனர். இரு சமயத்து ஏழைகளும் ஒரே சாலையோரத்தில் மடிந்துகொண்டிருந்தார்கள்.

1943 ஆகஸ்ட் 22-ஆம் நாள் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழ், அதன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் துணிந்ததால், தெருவில் கிடந்தோரின் படங்களை வெளியிட்டது. அதன் பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. அக்டோபரில் புதிய வைஸ்ராயாக வந்த வேவல் பிரபு இராணுவத்தை நிவாரணப் பணியில் இறக்கினார்.

யார் இறந்தார்கள்?

அப்போது வங்காளத்தில் வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இந்தப் பஞ்சத்தைக் கண்ணால் கண்டான். அவரே பின்னாளில் 1998-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென். 1981-இல் வெளிவந்த தம் நூலில் அவர் கேள்வியையே மாற்றினார். "அரிசி எவ்வளவு குறைந்தது?" என்பதோடு நில்லாமல், "யாருக்கு அரிசி கிடைக்கவில்லை, ஏன்?" என்று கேட்டார். 1943-இல் வங்காளத்தில் இருந்த அரிசி முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 சதவீதமே குறைவு என்றும், பஞ்சம் வராத 1941-ஐவிட 13 சதவீதம் அதிகம் என்றும் அவர் கணக்கிட்டார். அக்கால விளைச்சல் கணக்குகளே நம்பத் தகுந்தவையல்ல, பயிர் நோயால் இழப்பு இன்னும் பெரிது என்று அவரை மறுத்து எழுதியவர்களும் உள்ளனர்; அந்த விவாதம் முடியவில்லை. ஆனால் இறந்தவர் யார் என்பதில் அவர் காட்டிய உண்மை முக்கியமானது.

கூலி விவசாயிகள், மீனவர்கள், படகோட்டிகள், நெல் குத்திப் பிழைத்த பெண்கள் ஆகியோரே பெருமளவில் வீழ்ந்தார்கள். விளைச்சலில் பங்கு பெறும் வாரக் குடியானவர்கள் ஓரளவு தப்பினார்கள், அவர்களுடைய ஊதியமே நெல்லாக இருந்ததால். மீனவரைக் கொன்றது படகு இல்லாமை. கூலியாளைக் கொன்றது விலை. நெல் குத்திய பெண்ணைக் கொன்றது குத்துவதற்கு நெல் வராமை. சாவு ஒன்று, அது வந்து சேர்ந்த பாதைகள் பல.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. 1943 டிசம்பரில் நல்ல அறுவடை வந்தது. அதோடு துன்பம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பட்டினியால் நலிந்த உடல்களை மலேரியாவும் காலராவும் அம்மையும் பிடித்தன. பஞ்சத்தால் நேர்ந்த மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவை 1943-க்குப் பின்னரே நிகழ்ந்தன என்பது சென் அவர்களின் கணக்கு. முதற் காரணம் விலகிய பின்னும் அது பெற்றெடுத்த காரணங்கள் தம் வேலையைத் தொடர்ந்தன.

நம் கிதாபுகளில் இருக்கும் பாடம்

இதைப் படிக்கும்போது, மத்ரஸாவில் உஸூலுல் ஃபிக்ஹ் பாடத்தில் ஓதிய மூன்று சொற்கள் நம் நினைவுக்கு வந்தன. 'ஸபப்' என்பது காரணம். 'ஷர்த்' என்பது நிபந்தனை. 'மானிஃ' என்பது தடை. ஜகாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிஸாப் அளவு பொருள் கையில் இருப்பது ஸபப். அதன் மீது ஓராண்டு நிறைவது ஷர்த். அந்தப் பொருளை விழுங்கும் அளவு கடன் இருந்தால், ஹனஃபி மத்ஹபின்படி, அது மானிஃ. காரணம் இருந்தும் நிபந்தனை நிறைவேறாவிட்டால் விளைவு இல்லை. இரண்டும் இருந்தும் தடை குறுக்கே நின்றால் அப்போதும் விளைவு இல்லை. மூன்றையும் சேர்த்துப் பார்க்காதவர் ஃபத்வா சொல்லத் தகுதியற்றவர் என்று நம் உஸ்தாதுமார்கள் கற்பித்தார்கள்.

இந்தச் சொற்கள் சட்டத்திற்காக வகுக்கப்பட்டவை. எனினும் வங்காளத்தைப் பார்க்க இவை நல்ல கண்ணாடி. புயல், போர், பயிர் நோய் ஆகியவை ஸபப். கையில் நிலமும் சேமிப்பும் இல்லாமல் அன்றாடக் கூலியை மட்டும் நம்பி லட்சக்கணக்கானோர் வாழ்ந்த நிலை ஷர்த். காலத்தில் பஞ்சத்தை அறிவித்தல், மாகாணத் தடைகளை நீக்கித் தானியம் வரவழைத்தல், வேலையும் கூலியும் தருதல் ஆகியவை நின்றிருக்க வேண்டிய மானிஃ. அந்தத் தடைதான் அங்கே எழுப்பப்படவில்லை.

பஞ்சத்தை இவ்வாறு பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதும் அன்று. கெய்ரோவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் மக்ரீஸீ, ஹிஜ்ரி 808-இல், அதாவது 1405 வாக்கில், எகிப்தின் பஞ்சங்களைப் பற்றி 'இகாஸதுல் உம்மா' என்ற நூலை எழுதினார். சமூகங்களின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் காரணங்களைத் தேடிய இப்னு கல்தூனிடம் பயின்றவர் அவர். சந்தையைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் பதவியையும் வகித்தவர். ஆகவே அங்காடியை அறிந்தே எழுதினார். முந்தைய பஞ்சங்கள் பல நைல் நதி பொங்காமையால் வந்தன. தம் காலத்துத் துன்பம் நீடிப்பதற்கோ மனிதர்களின் செயல்களே காரணம் என்று அவர் வாதிட்டார். பதவிகள் இலஞ்சத்திற்கு விற்கப்பட்டன. வாங்கியவர் அந்தப் பணத்தைக் குடிமக்களிடமிருந்து பிழிந்தெடுத்தார். நிலக் குத்தகையும் சாகுபடிச் செலவும் ஏறின. வெள்ளிக்கும் பொன்னுக்கும் பதிலாகச் செப்புக் காசு சந்தையை நிறைத்தது. இந்த மூன்றும் ஒன்றையொன்று வலுப்படுத்தியதை அவர் விளக்கினார்.

அதோடு அவர் நிற்கவில்லை. எகிப்து மக்களை ஏழு பிரிவாக்கி, ஒவ்வொரு பிரிவையும் அந்தத் துன்பம் எப்படித் தொட்டது என்று தனித்தனியே எழுதினார். மார்க்க அறிஞர்களும் கல்வி கற்கும் மாணவர்களும் அதில் ஒரு பிரிவில் இடம்பெறுகிறார்கள்; நிலையான மானியத்தை நம்பியிருந்தமையால் விலையேற்றம் அவர்களை நசுக்கியது. யாரை, எந்தப் பாதையில் என்ற கேள்வியை ஆறு நூற்றாண்டுகளுக்கு முன் நம் முன்னோர் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியை நாம் மறந்துவிட்டு, ஒற்றைச் சொல்லில் பழி சுமத்தப் பழகியிருக்கிறோம்.

காரணம் பல என்றால் குற்றவாளி இல்லையா?

இங்கே ஒரு சந்தேகம் எழும். எல்லாமே காரணம் என்றால் யாரையும் கேட்க முடியாது என்றாகிவிடாதா? ஆகாது. விசாரணைக் குழு பல காரணங்களையும் அடுக்கிய பிறகே, துணிவான நடவடிக்கையைக் காலத்தில் எடுத்திருந்தால் பேரழிவைப் பெருமளவு தடுத்திருக்கலாம் என்று அரசைக் குற்றம் சாட்டியது. அதே குழு இன்னொரு கணக்கையும் எழுதி வைத்தது. 1943-இல் அரிசி வணிகத்தில் அளவுக்கு மீறி ஈட்டிய இலாபம் 150 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அதாவது ஒவ்வொரு மரணத்திற்கும் ஈடாக ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். சகோதரர்களே! புயல் இலாபம் பார்ப்பதில்லை. காரணங்களைப் பிரித்துப் பார்த்தால்தான் எதில் மனிதனின் கை இருந்தது, எதில் இல்லை என்பது தெரியும். பிரித்துப் பார்க்காதவன் அப்பாவியைப் பழிப்பான். உண்மையில் பொறுப்பானவன் கூட்டத்தில் மறைந்துவிடுவான்.

தடையைச் சரியான இடத்தில் எழுப்பினால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1970 முதல் 1973 வரை மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி நிலவியது. விளைச்சல் மிக மோசமாக வீழ்ந்தது. ஆனால் அரசு சாலை, குளம் வெட்டும் பணிகளைப் பெரிய அளவில் திறந்து லட்சக்கணக்கானோருக்குக் கூலி கொடுத்தது. கையில் காசு இருந்ததால் மக்களால் தானியம் வாங்க முடிந்தது. வணிகர்கள் அந்த ஊர்களுக்குத் தானியம் கொண்டுவந்தார்கள். வங்காளத்தைப் போன்ற பெருஞ்சாவு அங்கே நிகழவில்லை. மழையை யாரும் வரவழைக்கவில்லை. ஸபப் அப்படியேதான் இருந்தது, மானிஃ எழுப்பப்பட்டது.

நம் மஹல்லாவிற்கு

இப்போது நம் கேள்விக்குத் திரும்புவோம். பைத்துல்மாலிலிருந்து கல்விக்காக ஒதுக்கப்பட்ட தொகையை என்ன செய்வது என்று நிர்வாகக் குழு முடிவெடுக்க இருக்கிறது. கைப்பேசியே காரணம் என்று நம்பினால் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்திப் பணத்தைச் செலவிடுவோம். வறுமையே காரணம் என்று நம்பினால் எல்லோருக்கும் சமமாக நோட்டுப் புத்தகம் கொடுப்போம். இரண்டுமே நல்ல காரியங்கள்தாம். ஆனால் அந்தத் தாயின் மகனை இரண்டும் பள்ளிக்குத் திருப்பி அனுப்பியிருக்காது. அவனுக்குத் தேவைப்பட்டது தந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஓர் ஆளும், மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் இளைஞரும், அந்தத் தவணைக் கடனை வட்டியில்லாக் கடனாக மாற்றித்தர ஒரு ஜமாஅத்தும். அடுத்த தெருவில் படிப்பை நிறுத்திய பையனின் கதை வேறாக இருக்கும். அவன் வீட்டில் வசதி இருக்கலாம். படித்து முடித்த அண்ணனுக்கே வேலை கிடைக்காததைக் கண்டு மனம் விட்டிருக்கலாம். அவனிடம் பணத்தை நீட்டிப் பயனில்லை. வழிகாட்டும் மனிதர் ஒருவரை அறிமுகப்படுத்த வேண்டும்.

ஆகவே இந்த மன்றத்தின் முன் ஒரு யோசனையை வைக்கிறோம். தொகையைப் பங்கிடுவதற்கு முன், கடந்த மூன்று ஆண்டுகளில் படிப்பை நிறுத்திய ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிற்கும் இருவர் சென்று வர வேண்டும். ஒருவர் பெரியவராகவும் ஒருவர் படித்த இளைஞராகவும் இருக்கட்டும். பெண்களிடம் பேச நம் பெண்கள் மத்ரஸாவின் ஆசிரியைகள் செல்லட்டும். உபதேசம் செய்ய வேண்டாம்; மூன்று கேள்விகள் மட்டும் கேட்கட்டும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து தள்ளியது எது? அந்தத் தள்ளுதல் பலிக்கும்படி வீட்டில் முன்பே இருந்த நிலை என்ன? அந்த நேரத்தில் எந்த உதவி குறுக்கே வந்திருந்தால் அவன் நின்றிருப்பான்? விடைகளைப் பெயர் வெளியிடாமல் எழுதி வைக்கட்டும். பிறகு எத்தனை வகைப் பாதைகள் உள்ளன என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு செய்வோம். ஓராண்டு கழித்து இதே கூட்டத்தில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று கணக்கு வாசிப்போம். ரூபாய்க் கணக்கை வாசிக்கும் நாம் இந்தக் கணக்கையும் வாசிக்க வேண்டும்.

வங்காளத்தில் அறுவடைக்குப் பின்னும் நோய் கொன்றதை மறவாதீர்கள். படிப்பை நிறுத்திய பிள்ளைக்கு நாளைக்கே பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்தாலும், விட்டுப்போன பாடமும், தன்னைவிடச் சிறியவர்களோடு உட்காரும் கூச்சமும், கையில் காசு பார்த்த பழக்கமும் அவனைத் தொடரும். ஆகவே சேர்த்துவிட்டோம் என்று கை கழுவாமல் ஓராண்டாவது கூடவே நடக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. பழி சொல்வது எளிது. அதற்கு மிம்பரில் ஏறி ஒரு வாக்கியம் பேசினால் போதும். காரணம் அறிவதற்குத் தெருத்தெருவாக நடக்க வேண்டும். சென்ற ஆண்டு நாம் எளிதானதைச் செய்தோம். அதற்காக அந்தத் தாயிடம் அவர் சகோதரர் மூலம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். மிம்பரில் சொன்ன சொல்லுக்கு வீட்டில் மட்டும் மன்னிப்புக் கேட்பது நீதியாகாது என்பதால் இந்த மன்றத்திலும் சொல்கிறோம்: அன்று நாம் சொன்னது அவசரத் தீர்ப்பு. யோசனையை மன்றம் ஏற்குமானால், வீடு வீடாகச் செல்லும் முதல் இருவரில் ஒருவராக நாமும் வருகிறோம்.

வல்ல இறைவன் நம் பார்வையைத் தெளிவாக்கி, நம் பிள்ளைகளின் எதிர்காலத்தைச் சிறப்பாக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.